தேய்ந்த கீயும் கொத்தாத அம்மியும்

சென்னை ஹைகோர்ட் எதிரே இருக்கும் தம்பு செட்டித் தெருவில் எந்த ஜாப் டைப்பிங் கடைக்குள் நுழைந்தாலும், கீபோர்டைப் பார்த்தே அங்கே எந்த மொழி அதிகம் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்துகளில் இ, ஏ, எஸ், என் ஆகிய கீகள் எண்ணெய் தடவியது போலப் பளபளத்தால், அது அஃபிடவிட் அடிக்கும் இடம். எஃப், எச், எல், டி கீகள் பளபளத்தால் அங்கே தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு முறையில் வாடகை ஒப்பந்தமும் விடுதலைப் பத்திரமும் அடிக்கிறார்கள். ஸ்பேஸ் பாரில் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் ஒரு நீள்வட்டம் மினுங்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால், அடிப்பவர் எந்தக் கட்டைவிரலைப் பயன்படுத்துகிறார் என்பதும் தெரிந்துவிடும்.

அந்தப் பளபளப்பை அழுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பதினான்கு வருடமாக இந்தத் தெருவில் டைப் அடிக்கும் நானும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் நினைத்தேன். துணியை நனைத்துத் துடைப்பேன், அரை மணி நேரத்தில் மறுபடியும் மினுங்கும். துடைத்தால் எப்படிப் போகும்? அங்கே எதுவும் வந்து சேரவில்லை. ஏற்கெனவே இருந்த ஒன்று போயிருக்கிறது.

தண்டையார்பேட்டையில் என் சின்ன வயதில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்ற குரல் தெருவில் அடிக்கடி கேட்கும். உளியும் சுத்தியுமாக வருகிறவர் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, வழவழவென்று ஆகிவிட்ட அம்மியைப் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்துவிட்டுப் போவார். கொத்தாத அம்மியில் மிளகாய் அரைபடாது, குழவி வழுக்கிக்கொண்டு போகும். கல் அதே கல்தான். எடையில்கூடப் பெரிதாகக் குறைந்திருக்காது. மேலே இருந்த சொரசொரப்பு மட்டும் போயிருக்கும்.

கீபோர்டு விஷயமும் இதேதான். விரல் படும் மேல்மூடியைக் கீகேப் என்பார்கள். புதுக் கீகேப்பின் மேல் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாத மேடுபள்ளங்கள் இருக்கின்றன. விரல் பட்டுப் பட்டு அந்த மேடுகளின் தலை சீவப்படுகிறது. மேடுகள் இருக்கும்வரை மேலே விழும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், அதனால் கீ மங்கலாகத் தெரியும். மேடு தட்டையானதும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டது போலத் திரும்புகிறது. அதைத்தான் பளபளப்பு என்கிறோம்.

எத்தனை தடவை பட்டால் அப்படித் தேயும்? டைப்ரைட்டிங் தேர்வில் ஆங்கில ஹையர் வேகம் நிமிடத்துக்கு 45 சொல். ஐந்து அடி ஒரு சொல் என்று கணக்கு. ஆக நிமிடத்துக்கு 225 அடி, மணிக்கு 13,500 அடி. பேச்சு, டீ, பிரிண்ட் எடுப்பது எல்லாம் போக நாளுக்கு ஐந்து மணி நேரம் கை ஓடுகிறது என்றால் 67,500 அடி. இடைவெளியையும் சேர்த்து எண்ணினால் ஆங்கிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு அடி 'இ' எழுத்தின் மேல் விழுகிறது. அந்த ஒரு கீக்கு மட்டும் நாளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம், முந்நூறு வேலை நாளில் 20 லட்சம். எறும்பு ஊரக் கல்லே தேயும் என்கிறோம், இது பிளாஸ்டிக்.

டைப்ரைட்டர் காலத்தில் மேற்பரப்பு இவ்வளவு பெரிய விஷயமாக இருந்ததில்லை. இன்ஸ்டிடியூட்டில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே' என்று முதல் பாடம் அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அங்கே விரலுக்கு வேலை அடிப்பதுதான். ஒவ்வொரு அடியும் ஒரு இரும்புக் கையைத் தூக்கி ரிப்பன் மேல் அறைய வேண்டும். மேலிருந்து கீழே நேராக, பலமாக. கம்ப்யூட்டர் கீபோர்டில் அவ்வளவு விசை தேவையில்லை. கீகேப்புக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சுகளில், செர்ரி நிறுவனத்தின் சிவப்பு வகைக்கு 45 கிராம் அளவு அழுத்தம் போதும். 2 மில்லிமீட்டர் இறங்கியதும் எழுத்து விழுந்துவிடும், முழு ஆழமே 4 மில்லிமீட்டர்தான். விசை குறையக் குறைய விரல் கீயின் மேல் தடவிக்கொண்டு நகர்கிறது. ஒரு கீயின் நடுவிலிருந்து பக்கத்துக் கீயின் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். மேல் வரிசைக்கு எட்டிப் போகும்போதும் கீழ் வரிசைக்கு மடங்கி வரும்போதும் விரல் சாய்வாக இழுத்துக்கொண்டேதான் இறங்குகிறது. அந்த இழுப்பு நடக்கும் கணத்தில் கீயின் மேற்பரப்பு கொஞ்சம் பிடிக்கிறதா, வழுக்குகிறதா என்பதைப் பொறுத்து அடுத்த எழுத்துக்கு விரல் சரியான நேரத்தில் போய்ச் சேர்கிறது, அல்லது பக்கத்துக் கீயையும் சேர்த்து அழுத்திவிடுகிறது.

இதைக் கேரம் ஆடுகிறவர்களுக்கு விளக்குவது சுலபம். வடசென்னையில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்த மண்ணின் பெண். போர்டை எவ்வளவு வழவழப்பாக இழைத்திருந்தாலும் பவுடர் போடாமல் காய் ஓடாது. மழைக்காலத்தில் பவுடர் போட்டும் மந்தமாகத்தான் ஓடும். ஆக, வழவழப்பு என்றால் வழுக்கும் என்று நாம் நினைப்பது பாதிதான் சரி. இரண்டு வழவழப்பான பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் உண்மையில் தொட்டுக்கொள்ளும் இடம் அதிகம், அதனால் ஒட்டும். பவுடர் துகள் நடுவில் புகுந்து காயைத் தூக்கிப் பிடிப்பதால்தான் அது ஓடுகிறது.

விரல் நுனி மரக்காயைப் போலக் கெட்டியானது இல்லை. மெத்தென்று இருப்பதால் படும் பரப்பில் படிந்துகொள்ளும். சொரசொரப்பான கீயில் அது மேடுகளின் உச்சியில் மட்டும் உட்காருகிறது. தொடும் இடம் குறைவு, எனவே காய்ந்த விரல் தடையில்லாமல் நகரும். தேய்ந்த கீயில் தோல் முழுக்கப் படிந்து ஒட்டும். லேசாக வேர்த்தால் இன்னும் மோசம். ஈரத்தில் தோல் மேலும் மிருதுவாகி அப்பிக்கொள்ளும். ஆனால் நன்றாக வேர்த்துவிட்டால் கதை மாறும். தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு தண்ணீர்ப் படலம் உண்டாகி, திடீரென்று வழுக்க ஆரம்பிக்கும். மே மாதத்தில் கரண்ட் போய் ஃபேன் நின்ற மதியம், ஒரே அஃபிடவிட்டின் முதல் பக்கத்தில் விரல் ஒட்டும், மூன்றாம் பக்கத்தில் வழுக்கும். கீ சொரசொரப்பாக இருந்தால் வேர்வை ஒதுங்குவதற்குப் பள்ளம் இருக்கிறது, விரல் மேட்டைப் பிடித்துக்கொள்கிறது. குளியலறைத் தரைக்குப் பாலிஷ் போடாத மேட் டைல்ஸ் பதிக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

இவ்வளவு நுணுக்கமான வித்தியாசம் விரலுக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தெரியும். 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள சுருக்கங்கள் கொண்ட பரப்பையும் சுருக்கமே இல்லாத பரப்பையும் விரலாலேயே பிரித்துச் சொன்னார்கள். ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர். கீயின் மேடுபள்ளமோ மைக்ரான் கணக்கில் இருப்பது. விரல் சும்மா வைத்திருந்தால் இவ்வளவு நுட்பம் பிடிபடாது. நகரும்போது தோலில் உண்டாகும் நுண் அதிர்வை உள்ளே இருக்கும் நரம்பு முனைகள் வாங்கிக்கொள்கின்றன. கீ விட்டுக் கீ தாவும் விரல் நாள் முழுக்க இந்த அதிர்வைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறது. தேய்ந்த கீபோர்டில் அடித்த நாள் ஏன் இன்னதென்று சொல்லத் தெரியாத அலுப்பு வருகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த விளக்கங்களில் இதைத்தான் நம்புகிறேன்.

சரி, அந்தச் சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது? கீகேப் பெரும்பாலும் ஏபிஎஸ், பிபிடி என்ற இரண்டு பிளாஸ்டிக்குகளில் ஒன்றில்தான் வருகிறது. பிபிடி பிளாஸ்டிக் இயல்பிலேயே சொரசொரப்பானது, ஏபிஎஸ் இயல்பிலேயே வழவழப்பானது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது தவறு. இரண்டும் உருகிய நிலையில் இரும்பு அச்சுக்குள் பாய்ச்சி வார்க்கப்படுபவை. அச்சின் உள்பக்கம் எப்படியோ, கீகேப்பின் வெளிப்பக்கமும் அப்படியே. அம்பத்தூர் எஸ்டேட்டில் அச்சு செய்யும் டூல் ரூமில் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் 'ஸ்பார்க்' போடுவதைப் பற்றிச் சொல்வார்கள். மின்பொறியால் இரும்பைத் துளித்துளியாக அரித்தெடுக்கும் முறை அது. அரித்த இடத்தில் பொடிப் பொடிக் குழிகள் விழும். அந்தக் குழிகள் எவ்வளவு முரடாக இருக்க வேண்டும் என்பதற்கு ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் விடிஐ 3400 என்ற அளவுகோலை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 12ஆம் எண் என்றால் சராசரி முரடு 0.4 மைக்ரான், 45ஆம் எண் என்றால் 18 மைக்ரான். மணல் அடித்தும் அமிலத்தில் அரித்தும் இதே வேலையைச் செய்வதுண்டு. ஆக, கொத்துவது அச்சைத்தான். கீகேப் அந்தக் கொத்தலின் நகல்.

அப்படியென்றால் ஏபிஎஸ் கீகேப்பையும் நல்ல சொரசொரப்போடு வார்க்கலாம், வார்க்கவும் செய்கிறார்கள். புதிதாக வாங்கிய அன்று கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்வது கடினம். பெயரின் அருமை மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஏபிஎஸ் என்பது அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்றும் சேர்ந்தது. லெகோ கட்டைகள் 1963 முதல் இந்தப் பிளாஸ்டிக்கில்தான் வருகின்றன. கெட்டியான பிளாஸ்டிக்குக்குள் நுண்ணிய ரப்பர் துகள்கள் விரவியிருப்பதால் கீழே போட்டாலும் உடையாது, அச்சில் கச்சிதமாக வரும், நிறம் அழகாக ஏறும். ஆனால் அதன் மூலக்கூறுகளுக்குள் ஒழுங்கான அடுக்கு கிடையாது, மேற்பரப்பு மென்மை. உரசினால் மேடு மழுங்கிவிடும். வெயில் பட்டால் அந்த ரப்பர் பாகம் காற்றோடு வினைபுரிந்து மஞ்சளாகும். ஜன்னலோரக் கம்ப்யூட்டர்கள் பழுப்பேறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிபிடியின் முழுப்பெயர் பாலிபியூட்டிலீன் டெரெப்தாலேட். பெயர் நீளமாக இருந்தாலும் இது நமக்குத் தெரிந்த குடும்பம்தான். தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக், பாலியெஸ்டர் துணி எல்லாம் இதன் ஒன்றுவிட்ட சொந்தங்கள். இதன் மூலக்கூறுகளில் ஒரு பகுதி பாய் முடைந்தது போல வரிசையாக அடுக்கிக்கொள்ளும். அதனால் மேற்பரப்பு கடினம், எண்ணெய்க்கும் ரசாயனத்துக்கும் எளிதில் மசியாது, மேடுகள் நெடுநாள் நிற்கும். ஐபிஎம் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த மாடல் எம் கீபோர்டின் கீகேப்கள் பிபிடிதான். அந்தக் காலத்துக் கீபோர்டு இன்றைக்கும் யார் கையிலாவது இருந்தால் மேலே விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிபிடி தேயவே தேயாது என்று எழுதி விற்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். அதுவும் தேயும், நேரம் பிடிக்கும்.

எழுத்து பதிப்பதிலும் இந்தக் குடும்பக் குணம் வெளிப்படுகிறது. வியாசர்பாடிப் பையன்கள் ஃபுட்பால் போட்டிக்கு அடித்துக்கொள்ளும் ஜெர்சியைப் பார்த்திருப்பீர்கள். பெயரும் எண்ணும் துணியின் மேல் தடிப்பாக ஒட்டியிருக்காது, துணியின் நிறமாகவே இருக்கும். சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கிப் பாலியெஸ்டர் இழைக்குள் இறக்கும் சப்ளிமேஷன் முறை அது. பிபிடியும் பாலியெஸ்டர் என்பதால் அதே முறையில் அதற்குள்ளும் எழுத்தை இறக்கலாம். 200 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். பிபிடி 220 டிகிரிக்கு மேல்தான் உருகும், தாங்கிக்கொள்ளும். ஏபிஎஸ் 105 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். சாயம் உள்ளே இறங்கிவிடுவதால் எழுத்தின் மேல் விரல் போனாலும் தனியாக எதுவும் தட்டுப்படாது, சொரசொரப்பு ஒரே சீராக இருக்கும். வெளிர் நிறத்தின் மேல் அடர் நிறம்தான் ஏற்ற முடியும் என்பது இதன் குறை. ஏபிஎஸ்ஸில் தரமான வழி டபுள் ஷாட். எழுத்தை ஒரு நிறப் பிளாஸ்டிக்கிலும் சுற்றுப்புறத்தை இன்னொரு நிறத்திலும் இரண்டு தடவையாக வார்ப்பார்கள். கீ எவ்வளவு தேய்ந்தாலும் எழுத்து போகாது. நம் கடைகளில் இருக்கும் சாதாரணக் கீபோர்டுகளில் இரண்டும் கிடையாது. மேலே மையால் அச்சடித்திருப்பார்கள், ஒரு வருடத்தில் 'ஏ' இருந்த இடம் வெறுமையாகிவிடும்.

பிபிடிக்கும் தொல்லை உண்டு. அச்சிலிருந்து ஆறும்போது அது ஏபிஎஸ்ஸைவிட அதிகம் சுருங்கும். ஏபிஎஸ் நூற்றுக்கு அரை பாகம் சுருங்கும் இடத்தில் பிபிடி ஒன்றரை, இரண்டு பாகம் சுருங்கும். சின்னக் கீயில் இது தெரியாது. ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேஸ் பாரில் அது இரண்டு மில்லிமீட்டர் வாக்கில் வரும். ஒரு பக்கம் முந்தி ஆறினால் வில்லாக வளைந்துவிடும், தட்டினால் ஒரு ஓரம் லொட லொட என்று ஆடும். அதனால்தான் மற்றக் கீகளைப் பிபிடியில் வார்த்துவிட்டு ஸ்பேஸ் பாரை மட்டும் ஏபிஎஸ்ஸில் கொடுத்தவர்கள் இருந்தார்கள். வாங்குமுன் ஸ்பேஸ் பாரைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் பக்கத்துக்கென்று சில விஷயங்கள் தனியாக இருக்கின்றன.

முதலில் எண்ணெய். விரல் நுனியில் வேர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, எண்ணெய்ச் சுரப்பி மட்டும் கிடையாது. கீயில் படியும் பிசுக்கு விரலிலிருந்து வருவதில்லை. நெற்றியைத் துடைத்த கை, தேங்காய் எண்ணெய் வைத்த தலையைக் கோதிய கை, நான்கு மணிக்குப் பேப்பரில் வரும் பஜ்ஜியைப் பிய்த்த கை, இவற்றிலிருந்து வருகிறது. புழுக்கத்தில் முகத்தைத் துடைக்காமல் பத்து நிமிடம் இருக்க முடியாத ஊரில், டில்லிக் குளிரில் அடிப்பவரைவிட நம் கீயில் பிசுக்கு அதிகம் சேரும். அது பள்ளங்களை நிரப்பி, தேயாத கீயையும் தேய்ந்தது போலக் காட்டும். இந்தப் பளபளப்பு சோப்புத் தண்ணீரில் போய்விடும். போகாமல் மிஞ்சுவதுதான் உண்மையான தேய்மானம்.

அடுத்தது தூசி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் பகுதியில் வீடு உள்ளவர்களுக்குக் காலையில் துடைத்த மேஜையில் மாலையில் பேர் எழுதலாம் என்பது தெரியும். அனல்மின் நிலையங்களின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். இரண்டும் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு கடினமானவை. ஈரமான விரலில் அந்தத் துகள் ஒட்டிக்கொண்டால் அடிக்கும் ஒவ்வொரு அடியும் உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்தது போல. கீபோர்டை மூடி வைக்க ஒரு பழைய துண்டு போதும். இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் அதைக்கூடச் செய்யாமல் விலை கூடிய கீகேப் வாங்குவதில் அர்த்தமில்லை என்பது என் எண்ணம்.

மூன்றாவது, ரப்பர் போன்ற மெத்தென்ற பூச்சு. கடையில் தொட்டுப் பார்க்கும்போது பட்டு மாதிரி இருக்கும், மனசு அங்கேயே இறங்கிவிடும். பெரும்பாலும் அது பாலியூரிதேன் பூச்சு. காற்றின் ஈரம் அதை உள்ளிருந்து உடைக்கும். பீரோவுக்குள் பத்திரமாக வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்வதும் இதனால்தான். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட கீபோர்டு ஒன்று இரண்டாவது மழைக்காலத்தில் வெல்லப்பாகு மாதிரி ஆகிவிட்டது. கையை வைத்தால் விரலோடு வரும். எந்தப் பிளாஸ்டிக் என்று பார்ப்பதற்கு முன்னால், மேலே பூச்சு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஈரக் காற்றுள்ள ஊரில் பூச்சு வேண்டாம்.

அப்புறம் தமிழ் எழுத்து. கடைகளில் கிடைக்கும் கீபோர்டுகளில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும். தமிழ் பழகுகிறவர்கள் பர்மா பஜாரிலோ மண்ணடியிலோ ஸ்டிக்கர் ஷீட் வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். ஒட்டிய அந்த நிமிடத்திலிருந்து கீகேப் எந்தப் பிளாஸ்டிக் என்பது பொருளற்றுப் போகிறது, ஏனென்றால் விரல் படுவது ஸ்டிக்கரின் மேல். வழவழப்பான ஸ்டிக்கர் ஆரம்ப நாளிலேயே தேய்ந்த கீயைப் போல இருக்கும். கீ குழிவாக இருக்கும், ஸ்டிக்கர் தட்டை. ஓரம் மெல்லத் தூக்கிக்கொள்ளும், அங்கே தூசி சேரும், வெயிலில் கோந்து இளகிப் பக்கவாட்டில் வழியும். பழகி முடிக்கும் வரைக்கும் ஒட்டிக்கொள்ளலாம். கை பழகியதும் உரித்துவிட வேண்டும் என்று கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடம் சொல்கிறேன். உரிப்பதற்குத் தின்னரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ எடுக்கக் கூடாது. அவற்றில் இருக்கும் அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவைத்தால் கோந்து வந்துவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

தமிழ்99இல் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பார்க்காமல் அடிப்பவருக்குக் கை எங்கே இருக்கிறது என்று சொல்வது எஃப் கீயிலும் ஜே கீயிலும் இருக்கும் சின்ன மேடுதான். தமிழ்99இல் எஃப் கீதான் புள்ளி. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால், 'ந்த', 'ம்ப' போன்று இனமாக வந்தால் புள்ளி தானாகவே விழும். மற்ற இடமெல்லாம் எஃப். 'அவர்கள்', 'மேற்படி', 'சாட்சிகள்' என்று பத்திரத் தமிழை அடித்துப் பாருங்கள், எத்தனை தடவை அங்கே போகிறோம் என்று. ஆங்கிலத்தில் எஃப் அவ்வளவு வேலை செய்யாத எழுத்து. ஆக நம் கையில் கைகாட்டி மேடு உள்ள கீயே சீக்கிரம் மழுங்குகிறது. மேடு மழுங்கினால் கை ஒரு கீ தள்ளி உட்கார்ந்துவிடும், ஒரு வரி முழுக்க வேறு எழுத்தாக விழுந்த பிறகுதான் தெரியும். எனக்கு இது பிரமாணப் பத்திரத்தின் நடுவில் நடந்திருக்கிறது. தமிழுக்குக் கீகேப் செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எஃப், ஜே இரண்டில் மட்டுமாவது மேட்டைக் கொஞ்சம் தூக்கலாகவும் நீளமாகவும் வையுங்கள்.

இப்போது பெட்டியில் பிபிடி என்று எழுதி ஏபிஎஸ் விற்கும் விஷயம். ஒரு தடவை ஒரு கடையில் நம்பி வாங்கி ஏமாந்தேன். அதன் பிறகு கற்றுக்கொண்ட சோதனைக்குச் சமையலறைக் கல் உப்பு போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள், இதற்கு மேல் கரையாமல் அடியில் தங்கும்வரை. தெளிந்ததும் கீகேப்பைத் திறந்த பக்கம் மேலே பார்க்குமாறு அமிழ்த்தி, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் விட்டுவிடுங்கள். ஏபிஎஸ் சாதாரணத் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், அடர்த்தி 1.05 வாக்கில். பிபிடி 1.3. உப்பு முழுக்கக் கரைந்த தண்ணீர் 1.2. ஆக உப்புத் தண்ணீரில் ஏபிஎஸ் மிதக்கும், பிபிடி மூழ்கும். வெறும் தண்ணீரில் இரண்டும் மூழ்கும், அதில் பார்த்துப் பயனில்லை. லைட் தெரிவதற்காக உள்ளே வேறு பிளாஸ்டிக் சேர்த்த டபுள் ஷாட் கீகேப்களில் மட்டும் இந்தச் சோதனை சரியாக வராது.

தடிமன், சத்தம், வடிவம் இவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவர் 1 மில்லிமீட்டர் உள்ள கீகேப் சளசளவென்று ஒலிக்கும், 1.5 மில்லிமீட்டர் என்றால் சத்தம் கனத்து அடங்கும். பிபிடி என்றாலே ஒலி கனமாக இருக்கும் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு தடிமனுக்குத்தான் சேர வேண்டும். ஸ்விட்சின் பங்கும் பெரிது. சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் கோல்டு கீபோர்டில் செர்ரி நீல ஸ்விட்சின் 'டிக்' சத்தத்தைக் கேட்டுப் பழகியவர்கள் பில்லிங் கவுன்ட்டர்களில் ஏராளம். மேற்பரப்பின் குழிவு சிலவற்றில் ஓட்டை மல்லாத்தி வைத்தது போல ஒரு பக்க வளைவு, சிலவற்றில் கிண்ணம் போல எல்லாப் பக்கமும் வளைவு. கிண்ணக் குழிவில் விரல் நடுவில் அடங்கி உட்காரும், தேய்ந்த பிறகும் ஓரளவு பிடி இருக்கும். பாம் என்று ஒரு பிளாஸ்டிக் உண்டு, பல ஸ்விட்சுகளுக்குள் ஏறி இறங்கும் தண்டு அதில்தான் செய்வார்கள். தானாகவே வழுக்கும் குணம் அதற்கு. அதிலும் கீகேப் வருகிறது. பவுடர் போட்ட போர்டு மாதிரி விரல் ஓடும், பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். வேர்க்கும் கைக்கு நான் சொல்ல மாட்டேன்.

தேய்ந்துபோன கீகேப்பை என்ன செய்வது? உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கோடு கோடாக வரும், முன்பிருந்த பொடிக் குழிகள் வராது, அந்தக் கோடும் சில வாரத்தில் மழுங்கும். அம்மியைக் கொத்த முடியும், இதைக் கொத்த முடியாது. கழற்றக்கூடிய கீகேப் என்றால் மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் கவிழ்த்துக் காயவைக்கலாம். சாதாரண முந்நூறு ரூபாய் கீபோர்டு என்றால் கழற்றிக் கழுவுவதைவிட, எஃப் கீயின் மேடு தட்டையான அன்று மாற்றிவிடுவது நல்லது.

வரிசைக்கு வரிசை உயரம் மாறாமல் எல்லாக் கீயும் ஒரே வடிவத்தில் வரும் செட்டுகள் இருக்கின்றன. நான் இப்போது வைத்திருப்பது அப்படிப்பட்ட பிபிடி செட். எந்தக் கீயையும் எந்த இடத்திலும் மாட்டலாம். ஒன்றரை வருடத்தில் எச் கீ, தமிழில் 'க' விழும் இடம், மினுங்க ஆரம்பித்தது. யாரும் தொடாத எஃப்12 கீயைக் கழற்றி அங்கே மாட்டிவிட்டேன். பார்த்து அடிக்கும் பழக்கம் இல்லை என்பதால் எழுத்து எது என்பது எனக்குத் தேவையில்லை. புதுச் சொரசொரப்போடு 'க' அடிக்கிறேன். பழைய 'க' மேல் வரிசையின் கோடியில், வெளிச்சம் பட்டால் மின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.